நஞ்சின் அரை ஆயுள்



ஓர் இலக்கியப் பேரவையின் நினைவுச் சொற்பொழிவில், நச்சுப் பொருள்கள் எவ்வளவு வேகமாகச் சிதைகின்றன என்று பேசப்போவதாகச் சொன்னபோது அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். நியாயமான தயக்கம்தான். நான் சமூகவியல் படித்தவள். வேதியியலைப் பிளஸ் டூவோடு விட்டவள். ஆனால் இந்த மேடை யாருடைய நினைவுக்காகவோ, அந்தத் தோழர் விவசாயக் கூலிகளுக்கு நடுவில் வாழ்ந்து முடித்தவர். கூலி உயர்வு, பட்டா, சுடுகாட்டுப் பாதை என்று அவர் கையில் எடுத்த பிரச்சினைகளின் வரிசையில் கடைசிக் காலத்தில் பூச்சிமருந்தும் சேர்ந்திருந்தது. அவர் கூட்டிய ஒரு கூட்டத்தில், நடவுக்குப் போகும் அம்மா ஒருவர் எழுந்து, "மருந்தடிச்ச வயல்ல எத்தன நாள் கழிச்சு எறங்கலாம்?" என்று கேட்டார். என்ன மருந்து என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். "டப்பா பண்ண வீட்ல இருக்கு. எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். நாம் அதை மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்த உரையில் நஞ்சு என்றே சொல்ல முயல்கிறேன். பழக்கத்தில் மருந்து என்று வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் இந்தக் கேள்விக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. அதன் பெயர் அரை ஆயுள். ஒரு பொருள் பாதியாகக் குறைய எடுக்கும் காலம் அது. நூறு கிராம் இருந்தால் ஐம்பதாகும், அதே காலம் இன்னொருமுறை கழிந்தால் இருபத்தைந்து, பிறகு பன்னிரண்டரை. அரை ஆயுள் 10 நாள் என்றால் 20 நாளில் தீர்ந்துவிடும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். 20ஆம் நாளில் கால் பங்கு மிச்சம் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 100 நாள் ஆகும். அதற்குள் நம் வயல்களில் அடுத்த தெளிப்பு, அதற்கடுத்த தெளிப்பு வந்துவிடுகிறது. இதுவும் காகிதக் கணக்குதான். உண்மையான மண்ணில் முதல் பாதி சீக்கிரம் போகும். மிச்சம் களிமண் துகள்களின் இடுக்குகளில் போய் ஒட்டிக்கொண்டு, எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாமல் கிடக்கும்.

கதிரியக்கப் பொருளுக்கும் அரை ஆயுள் உண்டு. சீசியம்-137 என்றால் 30 ஆண்டு. அதை வெயிலில் போட்டாலும் பனியில் புதைத்தாலும் அதே 30 ஆண்டுதான். வேதிப்பொருளின் கதை அப்படி இல்லை. அதன் ஆயுள் அது கிடக்கும் இடத்தைப் பொறுத்தது. இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

வியட்நாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 முதல் 1971 வரை அமெரிக்கப் படை அங்கே காடுகளின் மேலும் வயல்களின் மேலும் களைக்கொல்லிகளைக் கொட்டியது. அவற்றில் முக்கியமான ஏஜென்ட் ஆரஞ்சில் டையாக்சின் கலந்திருந்தது. இலையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்த டையாக்சினை வெயில் சில மணி நேரத்தில், சில நாளில் உடைத்துவிடும். அதே டையாக்சின் மேல்மண்ணில் கலந்தால் அரை ஆயுள் 9 முதல் 15 ஆண்டு. இன்னும் ஆழத்தில், வெளிச்சம் போகாத மண்ணில் 25 முதல் 100 ஆண்டு வரை என்று மதிப்பிடுகிறார்கள். மனித உடலின் கொழுப்பில் 7 முதல் 11 ஆண்டு. ஒரே மூலக்கூறுதான். டா நாங் விமான தளத்தில் பீப்பாய்கள் சிந்திய மண்ணைச் சுத்தம் செய்ய, அதை அள்ளிக் குவித்து 335 டிகிரி வரை சூடேற்ற வேண்டியிருந்தது. அந்த வேலை 2018இல்தான் முடிந்தது. இலையில் விழுந்ததற்கு வெயிலே போதுமாக இருந்தது.

எவையெல்லாம் வேகத்தை மாற்றுகின்றன? வெயில் ஒன்று. வெப்பம் இன்னொன்று, 10 டிகிரி ஏறினால் சிதையும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லும் கைக்கணக்கு. ஈரம், மண்ணின் அமிலத்தன்மை, காற்று புகுகிறதா இல்லையா என்பது, மண்ணில் உள்ள மக்கு, எல்லாவற்றையும்விட அங்கே வாழும் நுண்ணுயிர்கள். நுண்ணுயிர்கள் இல்லையென்றால் இந்த உலகத்தில் எந்தக் குப்பையும் மண்ணாகாது. அவற்றையே கொல்லும் அளவுக்கு நஞ்சைக் குவித்தால் சிதைவும் நின்றுபோகும். ஒரு ஏக்கரில் தெளித்த லிட்டர் கணக்கு நஞ்சு ஒரு பருவத்தில் குறையலாம். அதே நஞ்சு தொழிற்சாலைக்குப் பின்னால் குழியில் டன் கணக்கில் கொட்டப்பட்டால் தலைமுறை தாண்டும். ஆக, ஒரு நஞ்சு நீடிக்க வேண்டுமென்றால் அதை இருட்டில், ஆழத்தில், காற்றில்லாத இடத்தில், பெருங்குவியலாக வைக்க வேண்டும். நம் நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் எந்தக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் வயலுக்கு வருகிறேன். கேமாக்சின் என்ற பெயர் இங்கே வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பி.எச்.சி. பவுடர் என்பார்கள். எச்.சி.எச். என்பது அதன் இன்னொரு பெயர். நெற்பயிரில் மூட்டை மூட்டையாகத் தூவினார்கள். 1997இல்தான் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இந்த நஞ்சு சேற்றில் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் என். சேதுநாதன். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் பிறகு கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் வேலை பார்த்தவர். காய்ந்த மண்ணில் நீண்ட நாள் கிடக்கும் பி.எச்.சி., தண்ணீர் கட்டிய சேற்றில் வேகமாக உடைகிறது என்று அந்த ஆய்வுகள் காட்டின. சேற்றுக்குள் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதன் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகின்றன. நெல்வயல் தண்ணீரிலிருந்தே டயாசினானையும் பாரத்தியானையும் உடைக்கும் ஒரு பாக்டீரியாவை அவரும் யோஷிடாவும் பிரித்தெடுத்து 1973இல் எழுதினார்கள். ஒரே நஞ்சு திரும்பத் திரும்ப விழும் வயலில், அதைத் தின்னக் கற்ற உயிர்கள் பெருகுகின்றன. காற்றில்லாத இடம் நஞ்சைப் பாதுகாக்கும் என்று இப்போதுதான் சொன்னேன், பி.எச்.சி.யில் அது நேர்மாறாக இருக்கிறது. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பொதுவாக ஒரு விதி சொல்லி நம்மை அனுப்பிவைக்கும் அதிகாரியை நம்ப வேண்டாம்.

1980களின் கடைசியில் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து வெள்ளாற்றுப் படுகையில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வயலில் தூவிய எச்.சி.எச். எங்கே போகிறது? ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது மிகக் கொஞ்சம். ஏறத்தாழ முழுவதும் காற்றில் ஆவியாகிப் போயிருந்தது. நம் வெப்பம் அப்படி. இந்த இடத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். வயலில் அளந்து பார்த்துச் சொல்லப்படும் அரை ஆயுள் பல சமயம் அந்த வயலை விட்டுப் பாதி மறைய ஆகும் காலம்தான். சிதைந்து மறைந்ததா, இடம் மாறிப்போனதா என்று அந்த எண் சொல்லாது. வெப்ப நாடுகளில் இந்த நஞ்சுகள் சீக்கிரம் மறைகின்றன, ஆகவே பயமில்லை என்று ஒரு வாதம் நெடுங்காலம் ஓடியது. மறைந்தது எங்கே போனது என்று அந்த வாதம் கேட்கவில்லை.

போனது வடக்கே. சூடான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் இறங்கும் பொருள்கள் இவை. அக்காலத்தில் வட துருவக் கடல்நீரில் மிகுதியாகக் காணப்பட்ட குளோரின் பூச்சிக்கொல்லி இந்த எச்.சி.எச்.தான். அந்தக் குளிரில், மாதக்கணக்கில் வெயிலே இல்லாத இடத்தில், அது சிதைய மறுக்கிறது. மீனில், சீலில், திமிங்கிலக் கொழுப்பில் ஏறுகிறது. 1980களில் கனடாவின் நுனாவிக் பகுதியில் இன்யூட் தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது, தெற்கு கியூபெக் பெண்களின் பாலில் இருந்ததைவிட ஐந்து மடங்கு அளவுக்கு பி.சி.பி. என்ற தொழிற்சாலை நஞ்சு இருந்தது. அவர்கள் பி.சி.பி.யும் செய்யவில்லை, வயலும் உழவில்லை. அதே சமயத்தில் நம் பக்கம் தாய்ப்பாலைச் சோதித்தபோதும் எச்.சி.எச்.சும் டி.டி.ட்டியும் இருந்தன. எச்.சி.எச்.சின் பீட்டா வகைக்கு மனித உடலில் அரை ஆயுள் ஏழு ஆண்டு அளவு. வயல் அதைச் சில வாரத்தில் கைகழுவிவிட்டது. தூவியவர்களின் உடம்பு கைகழுவவில்லை.

இனி பாரத்தியான். பாலிடால் என்ற பெயரில் நம் கிராமங்களில் சாவுக்கு மறுபெயராக இருந்தது. 1958இல் கேரளத்தில் கப்பலில் வந்த கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் இது சிந்திக் கலந்து, சாப்பிட்டவர்கள் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சாவுகள் கிளப்பிய விவாதத்திலிருந்துதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. உண்டவர்கள் செத்ததால் பிறந்த சட்டம் அது. தெளிப்பவர் அதில் பிறகுதான் வருகிறார், களை எடுக்க இறங்குபவர் அதற்கும் பிறகு. டப்பாவில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று இருக்கும். அது வாங்கிச் சாப்பிடுபவருக்கான கணக்கு. வயலில் மறுபடி எப்போது இறங்கலாம் என்ற கணக்கை நான் பார்த்த சீட்டுகளில் தேட வேண்டியிருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருப்பார்கள். குடித்தால், தோலில் பட்டால் எவ்வளவில் சாவு என்பதைத்தான் அந்த நிறம் சொல்கிறது. எத்தனை நாள் நீடிக்கும் என்பதற்கு எந்த நிறமும் இல்லை.

பாரத்தியானுக்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவில் ஆரஞ்சு, பீச் பழத்தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் மெக்சிகோ வம்சாவளியினர். 1950களிலும் 60களிலும் தெளித்துப் பல நாள், சில இடங்களில் வாரங்கள் கழித்துத் தோட்டத்துக்குள் போனவர்கள் வாந்தி, வியர்வை, மூச்சிரைப்பு என்று சுருண்டு விழுந்தார்கள். பாரத்தியான் வேகமாகச் சிதையும் நஞ்சு, அத்தனை நாள் கழித்து எப்படி? ஆராய்ந்தபோது தெரிந்தது, அது சிதைந்துதான் இருந்தது. ஆனால் சிதைந்து பாராக்சான் என்ற, அதைவிடக் கொடிய பொருளாக மாறியிருந்தது. மழையே இல்லாத கலிபோர்னியக் கோடையில், இலைமேல் படிந்த புழுதியில் அந்தப் பாராக்சான் கலையாமல் காத்திருந்தது. மழையும் ஈரமும் உள்ள புளோரிடாவிலும் ஆரஞ்சுத் தோட்டங்கள் உண்டு, பாரத்தியானும் தெளித்தார்கள்; அங்கே இப்படி விழுந்தவர்கள் அரிது. ஒரே பயிர், ஒரே நஞ்சு, மழைதான் வேறு. பழம் பறிப்பவர் தலைக்கு மேல் கையை நீட்டி இலைகளுக்குள் நுழைக்கும்போது அந்தப் புழுதி முழுதும் அவர் மேல் விழும். எந்தச் சோதனைச்சாலையின் அரை ஆயுள் எண்ணிலும் இந்தக் கை இல்லை.

அங்கே சீசர் சாவேஸ், டொலொரெஸ் ஹுவெர்ட்டா தலைமையில் திரண்ட விவசாயத் தொழிலாளர் சங்கம் இதைக் கூலிப் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவந்தது. 1970இல் திராட்சைத் தோட்ட முதலாளிகளோடு போட்ட ஒப்பந்தங்களில் டி.டி.ட்டி போன்றவற்றைத் தடுக்கும் பிரிவுகள் இருந்தன. அமெரிக்க அரசு டி.டி.ட்டியைத் தடை செய்தது 1972இல். நம் சங்கங்களின் கூலி ஒப்பந்தங்களில் படி எவ்வளவு, டீ எத்தனை வேளை என்றெல்லாம் எழுதுகிறோம். என்ன அடித்தார்கள், என்று அடித்தார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியை எழுத நமக்கு யாரும் தடை போடவில்லை.

சிதைந்த பொருள் முந்தையதைவிட மோசமாக இருப்பது பாரத்தியானோடு நிற்கவில்லை. காசர்கோட்டில் 2000ஆம் ஆண்டு வரை முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை மண்ணின் நுண்ணுயிர்கள் எண்டோசல்பான் சல்பேட்டாக மாற்றுகின்றன. அது ஏறத்தாழ அதே அளவு நஞ்சு, ஆயுள் இன்னும் அதிகம். எண்டோசல்பானைத் தண்ணீரும் உடைக்கும், அதுவும் காரத்தன்மை உள்ள தண்ணீர் ஒரு நாளுக்குள் உடைக்கும். நடுநிலைத் தண்ணீரில் வாரங்கள், அமிலத் தண்ணீரில் மாதங்கள். காசர்கோட்டின் செம்பாறாங்கல் மண் அமிலத்தன்மை உள்ளது. தெளிப்பு நின்று பல மாதம் கழித்து, 2001இல், அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவியல் நிறுவனம் பத்ரே கிராமத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் எண்டோசல்பானைக் கண்டது. உச்ச நீதிமன்றத்தின் தடை 2011 மே மாதம் வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன உத்தரவு 2017 ஜனவரியில்.

இங்கே சமூகவியல் மாணவியாக எனக்கு முக்கியமாகத் தோன்றும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நஞ்சு சிதையும் வேகம் நீதி கிடைக்கும் வேகத்தோடு மோதுகிறது. சீக்கிரம் சிதையும் நஞ்சு தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது. மெதுவாகச் சிதையும் நஞ்சில் தடயம் இருக்கும், ஆனால் நோய் வெளிப்படும்போது ஆலை மூடியிருக்கும், கம்பெனி கைமாறியிருக்கும். இரண்டிலும் தோற்பது ஒரே தரப்பு.

போபாலில் இரண்டும் நடந்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு வெளியேறிய மீத்தைல் ஐசோசயனேட் தண்ணீர் பட்டால் நிமிடக் கணக்கில் சிதையும் பொருள். அந்த வேகம்தான் அதன் கொடூரம். ஈரமான கண்ணையும் நுரையீரலையும் தொட்ட உடனே வினைபுரிந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள், விடிந்தபோது நஞ்சு காற்றில் இல்லை. என்னென்ன கலந்து வந்தது, ரத்தத்துக்குள் போனதா, எந்த முறிமருந்து கொடுக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சர்ச்சை செய்ய அந்த இல்லாமை இடம் கொடுத்தது. மறுபக்கம், அதே ஆலை அதற்கு முந்தைய ஆண்டுகளில் தன் வளாகத்திலும் ஆவியாக்கும் குளங்களிலும் கொட்டிய குளோரின் கழிவுகள், பாதரசம். அவை சத்தமில்லாமல் நிலத்தடி நீருக்குள் இறங்கின. சுற்றியிருந்த குடிசைப் பகுதிகளுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட வேண்டியிருந்தது. வளாகத்தில் கட்டிவைத்திருந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு லாரிகளில் போனது. அங்கே மக்கள் எதிர்த்தார்கள். மண்ணில் கலந்தது இன்னும் போபாலிலேயே இருக்கிறது.

சாக்கடைக் குழியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க முடியாது. அங்கே நஞ்சை யாரும் கொண்டுபோய் ஊற்றவில்லை. மலமும் கழிவும் சிதைவதே நஞ்சாகிறது. காற்று இருந்தால் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்திக் கழிவைச் சிதைக்கும். பெரிய கேடு இல்லை. மூடிய குழியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகை நுண்ணுயிர்கள் சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். நம் ஊர் வெப்பம் அந்த வேலையைத் துரிதப்படுத்தும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு செத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் இறங்குவார். சேற்றைக் கிளறும்போது அடைந்திருந்த வாயு மொத்தமாக மேலே வரும். ஒருவரைத் தூக்கப்போன அடுத்தவரும் அதனால்தான் சாகிறார். இந்த வாயு உடலுக்குள்ளும் சீக்கிரம் மாறிவிடுகிறது. பிணக்கூறு அறிக்கையில் மூச்சுத்திணறல் என்ற ஒரு சொல் மிஞ்சுகிறது. 2013இல் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் 10 லட்சம் என்றும், 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை நிர்ணயித்தது. தொகைக்காக அலையும் குடும்பத்திடம் அதிகாரிகள் முதலில் கேட்பது, அவர் குழிக்குள் இறங்கியதற்கு என்ன ஆதாரம் என்பது.

அரை ஆயுளே இல்லாத நஞ்சுகளும் இருக்கின்றன. பாதரசம் ஒரு தனிமம், அது எதுவாகவும் சிதையாது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது, மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது 2016இல். பாதரசம் சிதையாதே தவிர வடிவம் மாறும். ஏரி அடிச்சேற்றில் காற்றில்லாத இடத்து நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக்கும், அது மீனில் ஏறும். ராணிப்பேட்டையின் குரோமியமும் அப்படித்தான். தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடிச் சென்ற பிறகு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மக்கும் அமிலமும் உள்ள மண், ஆறு இணைதிறன் குரோமியத்தை ஆபத்துக் குறைந்த மூன்றாக மாற்றிவிடும். சுண்ணாம்பு கலந்த காரக் குவியலில் அந்த மாற்றம் நடக்காது, மழைக்கு மழை மஞ்சள் தண்ணீராக வடியும். குரோமியம் இணைதிறன் மாறுவதை ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களின் கால்களைப் பற்றிய பக்கத்தை அவற்றில் பார்த்ததில்லை.

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட, தீண்டப்படாதோர் யார் என்று கேட்கும் நூலில் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். பழைய சமூகங்கள் எல்லாவற்றிலும் தீட்டு இருந்தது. பிறப்பு, சாவு, மாதவிடாய் என்று அது ஒரு நிகழ்ச்சியால் வரும், சில நாள் இருக்கும், சடங்கு செய்தால் போய்விடும். சாதி இந்துக்கள் நம் மேல் சுமத்திய தீட்டு மட்டும் போவதே இல்லை. பிறப்போடு வருகிறது, ஒட்டுமொத்தக் கூட்டத்துக்கும் வருகிறது, ஊருக்கு வெளியே ஓர் இடத்தையும் ஒதுக்கிவைக்கிறது. நான் இதை உவமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஒதுக்கிய இடத்தைத்தான் பிறகு வந்த ஆலைகளும் நகராட்சிகளும் காலி இடம் என்று பார்த்தன. பள்ளமான இடம், வாய்க்காலின் கடைமடை, சுடுகாட்டை ஒட்டிய புறம்போக்கு. வேதியியல்படியும் நஞ்சு மெதுவாகச் சிதையும் இடங்கள் அவை. மேட்டில் தெளித்தது பள்ளத்தில் தங்கும். போவதே இல்லாத தீட்டுக்காக ஒதுக்கிய நிலத்தில், போவதே இல்லாத நஞ்சைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையிலும் இது தற்செயல் என்றே எழுதப்பட்டிருக்கும்.

மாணவர்களுக்கு, குறிப்பாக அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. பொது விசாரணைகளில் கம்பெனிக்காரர்கள் அரை ஆயுள் எண்ணை வாசிக்கும்போது, எந்த மண்ணில், எந்த வெப்பத்தில் அளந்தது என்று கேளுங்கள். ஐரோப்பிய மண்ணில் 20 டிகிரியில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு இங்கே பேச முடியாது. நம் மண்ணில் அது கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். மறைந்த காலமா, சிதைந்த காலமா என்று கேளுங்கள். சிதைந்து என்னவானது, அதன் ஆயுள் எவ்வளவு என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் தமிழில்தான் பதில் தர வேண்டும் என்றும் வற்புறுத்துங்கள்.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் நிலமற்ற கூலிகள். நம் பெரம்பலூர்ப் பக்கமும் அதே பருவத்தில் சாவுகள் நடந்தன. இப்படி ஒருவர் மயங்கி விழுந்தால் முதல் இரண்டு நாள்தான் நம் கையில் இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ், புரொபனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் நஞ்சுகள் சிறுநீரில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தடயம் விடுவதில்லை. ஆனால் அவை ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. சிவப்பணுவில் உள்ள அந்த நொதி ஒரு நாளைக்கு நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் மீளும். ஆகவே விழுந்த அன்றே ஒரு ரத்தப் பரிசோதனை, இரண்டு மூன்று மாதம் கழித்து, அந்த இடைவெளியில் மறுபடி மருந்துப் பக்கம் போகாமல், இன்னொன்று. இரண்டாவதில் அளவு தெளிவாக ஏறியிருந்தால் முதல் நாள் நஞ்சு இருந்ததற்கு அது சாட்சி. பியூரடான் குருணை போன்ற கார்பமேட் வகை என்றால் நொதி ஒரு நாளிலேயே மீண்டுவிடும். இரண்டாம் நாள் எடுக்கும் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லும். அதனால் டப்பாவை முதலில் தேட வேண்டும். பண்ணை வீட்டில் தர மறுத்தால் சீட்டைப் போனில் படம் எடுத்து, தேதி, நேரம், வயலின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி, மருத்துவமனையில் அனுமதிக்கும்போதே டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.